கழுகுகள் மடிந்தன, மனித உயிர்களும் பறிபோயின: மருந்துத் தடை தாமதம் உணர்த்தும் பாடம்

புதுதில்லி: நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததன் விளைவாக, 2000 முதல் 2005 வரையிலான காலத்தில் சுமார் 5 லட்சம் பேர் கூடுதலாக உயிரிழந்திருக்கக்கூடும் என்று 2024-ல் வெளியான ஆய்வு தெரிவிக்கிறது. கால்நடைகளின் வலியைத் தணிக்க அளிக்கப்பட்ட "டைக்லோஃபினாக்" என்ற மலிவான மருந்தே இதற்கு மூலகாரணம். அந்த மருந்துக்குத் தடை வந்துவிட்டது. ஆனால், தடை வந்த வழியும் வேகமும் மத்திய அரசும் நாடாளுமன்றமும் கவனிக்க வேண்டிய கேள்விகளை எழுப்புகின்றன.

செலவில்லாத துப்புரவு: இந்திய வானில் ஒரு காலத்தில் கோடிக்கணக்கில் வட்டமிட்டவை பிணந்தின்னிக் கழுகுகள். செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால், கழுகுக் கூட்டம் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பை மட்டுமே மிச்சம் வைக்கும். 2019-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி 53 கோடிக்கும் அதிகமான கால்நடைகளைக் கொண்ட நாட்டில், அரசுக்கு ஒரு காசு செலவில்லாமல் நடந்துவந்த துப்புரவுப் பணி அது.

1990-களில் இக் கழுகுகள் வேகமாகக் குறையத் தொடங்கின. ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் கூடுகள் வெறுமையாகி வருவதை, மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் பதிவு செய்தார். 1992-க்கும் 2007-க்கும் இடையே வெண்முதுகுக் கழுகுகளில் 99.9 சதவீதம் அழிந்துவிட்டதாகப் பின்னர் கணக்கிடப்பட்டது.

தொற்றுநோயா, பூச்சிக்கொல்லியா என்று பல கோணங்களில் நடந்த தேடலுக்கு 2004 ஜனவரியில் விடை கிடைத்தது. பாகிஸ்தானில் இறந்த கழுகுகளை அமெரிக்க ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு ஆராய்ந்தது. டைக்லோஃபினாக் செலுத்தப்பட்ட கால்நடையின் இறைச்சியைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்ததும், உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்ததும் தெரியவந்தது. நூறு சடலங்களில் ஒன்றுக்கும் குறைவானவற்றில் இம் மருந்து இருந்தாலே இத்தகைய பேரழிவு நேரும் என்பதை அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது.

மனிதர்களுக்கு நேர்ந்த இழப்பு: சிகாகோ பல்கலைக்கழகத்தின் எயால் ஃபிராங்க், வார்விக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன் ஆகிய பொருளியல் அறிஞர்கள் இதன் அடுத்த கட்டத்தை ஆராய்ந்தனர். கழுகுகள் செழித்திருந்த மாவட்டங்களையும், இயல்பாகவே கழுகுகள் இல்லாத மாவட்டங்களையும் அவர்கள் ஒப்பிட்டனர். 1990-களில் காப்புரிமை காலாவதியாகி டைக்லோஃபினாக் விலை வீழ்ந்த பிறகு, முதல் வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் 4 சதவீதத்துக்கும் மேல் உயர்ந்தது. கால்நடைகள் மிகுந்த நகர்ப்புறங்களில் பாதிப்பு கூடுதலாக இருந்தது.

அழுகிய சடலங்களால் நீர்நிலைகள் மாசடைந்தன. கழுகுகள் விட்ட இரையைத் தெருநாய்கள் எடுத்துக்கொண்டன. வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனையும் அதிகரித்தது. இந்த இழப்பின் மதிப்பு ஆண்டுக்கு சுமார் 6,900 கோடி டாலர் என்கிறது ஆய்வு. இவை புள்ளிவிவர மதிப்பீடுகளே. ஒவ்வொரு மரணத்தையும் தனித்தனியே எண்ணிச் சொன்னவை அல்ல. எனினும், ஒரு பறவையின் அழிவு பொது சுகாதாரத்தை எந்த அளவுக்குக் குலைக்கும் என்பதை அவை உணர்த்துகின்றன.

தாமதத்தின் கணக்கு: காரணம் தெரிந்த மறு ஆண்டே, அதாவது 2005 மார்ச்சில், அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் தலைமையிலான தேசிய வன உயிரின வாரியம், இம் மருந்தைக் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து ஆறு மாதங்களில் விலக்க முடிவு செய்தது. 2006 மே மாதம் கால்நடைகளுக்கான டைக்லோஃபினாக் உற்பத்திக்குத் தடை வந்தது. கழுகுகளுக்குத் தீங்கற்ற மாற்று மருந்தாக மெலாக்சிகாம் அதே ஆண்டில் கண்டறியப்பட்டது.

ஆயினும், மனிதர்களுக்கான பெரிய குப்பிகளில் கிடைத்த அதே ஊசிமருந்து மாடுகளுக்குச் செலுத்தப்பட்டு வந்தது. அதை 3 மில்லி அளவுள்ள, ஒரு முறை மட்டும் பயன்படும் சிறு குப்பியில்தான் விற்க வேண்டும் என்ற உத்தரவு 2015-ல்தான் வந்தது. இதை எதிர்த்து மருந்து நிறுவனங்கள் தொடுத்த வழக்கை 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மற்ற மருந்துகளின் கதை இதைவிட மோசம். கீட்டோப்ரோஃபென் கழுகுகளைக் கொல்லும் என்பது 2010-க்குள் தெரிந்துவிட்டது. அசிக்ளோஃபினாக், மாட்டின் உடலில் டைக்லோஃபினாக்காகவே மாறுகிறது என்பது 2016-ல் உறுதியானது. இவ்விரண்டுக்கும் கால்நடைப் பயன்பாட்டில் தடை விதிக்கப்பட்டது 2023 ஜூலையில். நிமசுலைடுக்குத் தடை வந்தது 2024 டிசம்பர் இறுதியில்.

தேவை முன்சோதனை: மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26-ஏ பிரிவு, தீங்கு விளைவிக்கும் மருந்துகளைத் தடை செய்யும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. ஆனால், மருந்து சந்தைக்கு வந்து, தீங்கு தெரிந்த பின்னரே அந்த அதிகாரத்துக்கு வேலை வருகிறது. மாட்டுக்கு மருந்து பாதுகாப்பானதா என்று பார்த்தவர்கள், அந்த மாட்டைத் தின்னும் உயிருக்கு என்ன நேரும் என்று பார்க்கவில்லை. டைக்லோஃபினாக்கால் கழுகுகளில் பெரும்பகுதி அழிந்தது, காரணம் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்புதான். எனவே, பின்னால் வரும் தடை எவ்வளவு விரைவானதாக இருந்தாலும் போதாது.

கழுகுகளுக்கு நஞ்சாகும் எனக் கண்டறியப்படும் மருந்து, கால்நடைப் பயன்பாட்டிலிருந்து தானாகவே விலக்கப்படும் ஏற்பாடு வேண்டும் என்று, 2020-ல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஐந்தாண்டு செயல்திட்டம் கூறியது. அதற்குப் பிறகும் மூன்று மருந்துகள், ஒவ்வொன்றாக அறிவிக்கை வெளியிட்டே விலக்கப்பட்டன.

ஹரியாணாவின் பிஞ்ஜோரில் உள்ள இனப்பெருக்க மையத்தில் கழுகுகள் வளர்க்கப்படுகின்றன. ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும் பறவை அது. இழந்த எண்ணிக்கையை மீட்கப் பல பத்தாண்டுகள் ஆகும். வலி நிவாரணி எதுவாயினும், கால்நடைக்கு அளிக்க அனுமதி தரும் முன்பே கழுகுகளுக்கு அது தீங்கற்றதா எனச் சோதிப்பதைச் சட்ட விதியாக்க ஒரு திருத்தம் போதும். அதைக் கோரும் கேள்வி நாடாளுமன்றத்தில் எழ வேண்டும்.