பரண்ல தூங்குது அப்பா அம்மா கல்யாணம்... ஸ்கேனர் வேணாம், கேமராவே போதும்!

சந்தவாசல், ஆரணி பக்கம் ஒரு நெசவாளர் வீட்டுப் பரணை ஒழிச்சா என்னென்ன கிடைக்கும்? தேய்ஞ்ச நாடா, பழைய ஜக்கார்டு அட்டை, கூடவே துருப்பிடிச்ச ஒரு பிஸ்கட் டின். திறந்து பார்த்தா, பழுப்பு நிறத்துல சுருண்டு கிடக்கும் ஃபிலிம் துண்டுகள். 'குப்பை'ன்னு தூக்கிப் போட்டுடாதீங்க. அது உங்க அப்பா அம்மா கல்யாணமா இருக்கலாம்!

ஆல்பத்துலதான் போட்டோ இருக்கேன்னு நினைப்பீங்க. ஆல்பத்தில் இருப்பது பிரின்ட், அதாவது நகல். நெகட்டிவ்தான் அசல். போஸ்ட் கார்டு சைஸ் பிரின்ட்டில் அம்மாவின் முகூர்த்தப் புடவை பார்டர் வெறும் மங்கலான கோடாகத் தெரியும். அதே படத்தின் நெகட்டிவைப் பெரிதாக்கினால், பார்டர்ல ஓடுறது அன்னமா, மாங்காயான்னு பார்த்துச் சொல்லிடலாம். தாத்தா கையால நெய்த புடவை இன்னிக்கு வீட்டுல இல்லைன்னா, அந்த டிசைனுக்கு மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்த டின்தான்.

ஏன் அவசரம்?

பெரும்பாலான பழைய ஃபிலிம்கள் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைய ஆரம்பிக்கும். டின்னைத் திறந்ததும் வினிகர் மாதிரி புளிச்ச வாடை அடிச்சா, அதுதான் அறிகுறி. ஒரு சுருளில் ஆரம்பித்தால் பக்கத்துச் சுருளுக்கும் பரவும். ஓட்டுக்கூரைக்குக் கீழே இருக்கும் பரணை விட மோசமான இடம் ஃபிலிமுக்குக் கிடையாது.

ஸ்டுடியோக்களின் கதை இன்னும் சோகம். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் உருவம் பதிந்திருப்பதே வெள்ளித் துகளால்தான். அந்த வெள்ளிக்காகவே எடைக்குப் போன நெகட்டிவ்கள் ஏராளம். இப்படி அழிந்துகொண்டிருக்கும் தமிழக ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பிடித்து, புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் டிஜிட்டல் ஆக்கியது. 1880 முதல் 1980 வரையிலான படங்களைக் குறிவைத்த அந்த முயற்சிக்குக் கைகொடுத்தது, அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான பிரிட்டிஷ் நூலகத்தின் திட்டம்.

உங்க டின்னில் இருப்பது ஊட்டி ஃபிலிமாகக்கூட இருக்கலாம். இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 1967 முதல் அங்கே 'இந்து' என்ற பெயரில் ஃபிலிம் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலையும் இப்போ இல்லை.

ஸ்கேனர் ஏன் வேணாம்?

சாதாரண ஆபீஸ் ஸ்கேனரால் ஃபிலிமைப் படிக்க முடியாது. ஃபிலிமின் பின்னாலிருந்து வெளிச்சம் வரணும். அதற்கான ஸ்கேனர் விலை அதிகம், ஒரு ஃபிரேமுக்கு நிமிடக்கணக்கில் நேரமும் எடுக்கும். கேமராவுக்கு ஒரு க்ளிக் போதும். 24 மெகாபிக்சல் கேமராவில் ஃபிரேம் முழுக்க நிரப்பி எடுத்தால் 6000×4000 புள்ளிகள் கிடைக்கும். நல்ல ஸ்கேனரில் ஒரு வசதி உண்டு, அதையும் சொல்லிடணும்: கலர் ஃபிலிமின் தூசி, கீறலை அகச்சிவப்புக் கதிரால் கண்டுபிடித்துத் தானே அழித்துவிடும். கேமராவில் அது நம்ம கைவேலை.

என்னென்ன வேணும்?

* டி.எஸ்.எல்.ஆர் அல்லது மிரர்லெஸ் கேமரா. இல்லைன்னா கல்யாண போட்டோ எடுக்குற நண்பர்கிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்குங்க.
* மேக்ரோ லென்ஸ். இல்லாவிட்டால், 50 எம்.எம் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப். விலை குறைவு.
* வெள்ளை எல்.இ.டி பேனல். 'சி.ஆர்.ஐ 95'க்கு மேல் இருந்தால் நிறம் சரியாக வரும்.
* ஸ்டாண்டு, காற்று ஊதும் ரப்பர் பம்ப், பருத்திக் கையுறை.

எப்படி எடுப்பது?

1. ஃபிலிமின் ஓரத்தை மட்டும் பிடிங்க. தூசியை பம்ப்பால் ஊதுங்க. வாயால ஊதுறது, சட்டையில துடைக்கிறது ரெண்டும் வேணவே வேணாம்.
2. கறுப்பு சார்ட் அட்டையில் 24×36 மில்லிமீட்டருக்கு ஜன்னல் வெட்டி, ஃபிலிமை அதில் தட்டையாகப் பொருத்துங்க. ஸ்டுடியோவில் யாஷிகாவில் எடுத்த பெரிய சதுர நெகட்டிவ் என்றால் ஜன்னல் 56×56.
3. ரூம் லைட்டை அணைச்சிடுங்க. கேமராவும் ஃபிலிமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கணும். சாய்ந்தால் ஒரு மூலை மங்கிவிடும்.
4. ஐ.எஸ்.ஓ 100, அப்பெர்ச்சர் எஃப் 8, ரா ஃபார்மட். கை நடுங்காமல் இருக்க 2 நொடி டைமர்.
5. ஃபிலிம் ஓரத்து எழுத்து நேராகப் படிக்க வந்தால் பக்கம் சரி. தலைகீழ்க் கண்ணாடியில் பார்ப்பதுபோல் வந்தால், படத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

நிறம் வருவது எப்படி?

கறுப்பு வெள்ளை சுலபம், இன்வெர்ட் செய்தால் போதும். கலர் நெகட்டிவில் ஆரஞ்சுப் பூச்சு மாதிரி ஒரு நிறம் இருக்கும். அப்படியே இன்வெர்ட் செய்தால் மொத்தக் கல்யாணமும் நீலமாகிடும். அதனால் ரெண்டு ஃபிரேமுக்கு நடுவே உள்ள ஆரஞ்சு பட்டையைத் தொட்டு முதலில் ஒயிட் பேலன்ஸ் செய்யுங்கள், பிறகு இன்வெர்ட். இலவச மென்பொருளான டார்க்டேபிளில் 'நெகாடாக்டர்' என்ற கருவி இந்த வேலைக்காகவே இருக்கு.

போன் மட்டும்தான் இருக்கா?

லேப்டாப்பில் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து பிரைட்னஸை முழுசா வைங்க. நாலு டம்ளர் மேல கண்ணாடி வைத்து, ஸ்கிரீனிலிருந்து ரெண்டு அங்குலமாவது உயரத்தில் ஃபிலிமை வைங்க. ஒட்டி வைத்தால் ஸ்கிரீனின் புள்ளிகளும் படத்தில் விழும். போனில் 2எக்ஸ் ஜூம் போட்டு எடுத்து, ஸ்னாப்ஸீட்டின் கர்வ்ஸில் கோட்டின் இடது முனையை மேலேயும் வலது முனையைக் கீழேயும் இழுத்தால் படம் நேராகும். பெரிய பிரின்ட் போட இது பத்தாது. ஆனா, எந்த ஃபிரேமில் யார் இருக்காங்கன்னு தெரிந்துவிடும்.

முடிச்சதும்...

நெகட்டிவைத் தூக்கிப் போடாதீங்க. ஹார்டு டிஸ்க் போனாலும் அசல் இருக்கணும். அமிலமில்லாத காகித உறையில் போட்டு, சிலிக்கா ஜெல்லோடு வீட்டிலேயே குளிர்ச்சியான அலமாரியில் வைங்க. வாடை அடிக்கிற சுருளைத் தனியா பிரிச்சு, அதை முதலில் படமெடுங்க.

அப்புறம், படங்களை டி.வி-யில் போட்டு ஆயாவைப் பக்கத்தில் உட்கார வைங்க. யார் யாரு, எந்த வருஷம், அந்தப் புடவை எந்தத் தறியில நெய்ததுன்னு அவங்க சொல்லச் சொல்ல ஃபைல் பெயரிலேயே டைப் பண்ணுங்க. ஃபிலிமைக் காப்பாத்த இன்னும் கொஞ்ச நாள் அவகாசம் இருக்கலாம். ஆயாவோட ஞாபகத்துக்கு பேக்கப் கிடையாது.