எரியும் விமானத்திலிருந்து வந்த செய்தி

குண்டு வீசும் விமானம் என்றதும் அழிவுதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் இரண்டாம் உலகப் போரின்போது, நம் அண்டை நாடான இலங்கையில், ஒரு குண்டையும் வீசாமலே வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது ஒரு விமானம். அதில் இருந்த ஒன்பது பேரின் கதையை நம் மாணவியர் அறிந்திருப்பது நன்று.

அவ்விமானத்தின் பெயர் கேட்டலினா. நீரிலிருந்தே எழும்பி நீரிலேயே இறங்கும் 'பறக்கும் படகு' அது. இரு என்ஜின்கள் கொண்டது. இறக்கைகளின் அகலம் 104 அடி. குண்டுகளையும் சுமக்கும், ஒரு நாள் முழுவதும் கீழே இறங்காமல் கடலைக் காவல் காக்கவும் செய்யும். ஆனால் அதன் வேகமோ மிகக் குறைவு. மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகத்தில்தான் வழக்கமாகப் பறக்கும். ஜப்பானியரின் 'ஜீரோ' போர் விமானமோ மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேல் பாயக்கூடியது. பருந்தின் முன் கோழிக்குஞ்சின் நிலைதான்!

1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரும் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. அடுத்தது இலங்கையோ என்ற அச்சம் எங்கும் பரவியது. மார்ச் இறுதியிலேயே எச்சரிக்கை கிடைத்ததால் பிரிட்டிஷ் கடற்படை கடலில் காத்திருந்தது. எதிரி வராமற்போகவே, தளபதி சோமர்வில்லின் கப்பல்கள் எரிபொருளும் நீரும் நிரப்ப மாலத்தீவுகளின் அட்டூ தீவுக்குச் சென்றன. அந்த வேளையில்தான் நகுமோ என்ற தளபதியின் கீழ், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் ஜப்பானியப் படை வந்துகொண்டிருந்தது.

காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியில் கனடா நாட்டின் 413-ஆம் விமானப் படைப் பிரிவு அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஏப்ரல் 4, பெரிய சனிக்கிழமை. விடியற்காலையில் ஸ்குவாட்ரன் லீடர் லெனார்ட் பெர்ச்சல் தம் கேட்டலினாவில் புறப்பட்டார். அவருக்கு வயது 26. அந்த ஊருக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

பகல் முழுவதும் கடலைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை. திரும்பும் நேரம் நெருங்கியபோது, தொலைவில் தென்கோடியில் ஒரு புள்ளி தெரிந்தது. அதைப் பார்க்காததுபோல் திரும்பியிருக்கலாம். அவர்களோ நெருங்கிச் சென்றார்கள். புள்ளி பலவாகியது. கப்பல்களை எண்ணி, அவை செல்லும் திசையையும் வேகத்தையும் கணித்து, கம்பியில்லாத் தந்தியில் அனுப்பத் தொடங்கினார்கள். இலங்கைக்குத் தெற்கே அந்த இடம் இருந்த தொலைவு, தேனியிலிருந்து சென்னைக்குள்ள தொலைவைக் காட்டிலும் அதிகம்.

செய்தியை மூன்று முறை அனுப்புவது விதி. மூன்றாம் முறை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோ விமானங்களின் குண்டுகள் தந்திக் கருவியைச் சிதைத்தன. விமானம் தீப்பற்றியது. பெர்ச்சல் எப்படியோ அதைக் கடலில் இறக்கினார். ஒருவர் விமானத்தோடு மூழ்கினார். நீரில் தத்தளித்தவர்களையும் எதிரி விமானங்கள் சுட்டன. காயத்தால் நீருக்குள் மூழ்கித் தப்ப முடியாத இருவர் அங்கேயே மாண்டனர். எஞ்சிய அறுவரை ஒரு ஜப்பானியக் கப்பல் சிறைப்பிடித்தது.

மறுநாள் உயிர்த்த ஞாயிறு. காலையில் நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஆனால் துறைமுகத்திலிருந்த கப்பல்கள் பலவும் அதற்குள் வெளியேறிவிட்டன. கனடாவின் பத்திரிகைகள் பெர்ச்சலை 'இலங்கையின் இரட்சகர்' என்று புகழ்ந்தன. அந்தப் பட்டம் சற்று மிகையே. ஏனெனில் நகரம் தாக்குதலுக்குத் தப்பவில்லை. 'டார்செட்ஷயர்', 'கார்ன்வால்' என்ற இரு போர்க்கப்பல்கள் அன்றே மூழ்கி 424 பேர் இறந்தனர். ஆயினும் பேரழிவு குறைந்ததற்கு அச்செய்தியே காரணம் என்பதில் ஐயமில்லை.

ஏப்ரல் 9-ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. 'ஹெர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. அன்று 11-ஆம் படைப் பிரிவின் ஒன்பது 'பிளென்ஹீம்' குண்டுவீச்சு விமானங்கள் துணைக்குப் போர் விமானம் ஒன்றுமின்றிச் சென்று எதிரியின் கொடிக்கப்பலான 'அகாகி'யைத் தாக்கின. குண்டுகள் கப்பலின் அருகே நீரில் விழுந்தன. ஒன்றும் கப்பல்மேல் படவில்லை. மும்மூன்று வீரர்களுடன் சென்ற அவ்விமானங்களில் ஐந்து திரும்பவேயில்லை. தோற்ற முயற்சி என்பதால் அவர்கள் பெயரை இன்று நினைப்பவர் சிலரே.

இப்போரின் அதிர்ச்சி அன்றைய சென்னை மாகாணத்தையும் தொட்டது. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை மக்கள் பெருங்கூட்டமாக ஊரைக் காலிசெய்து உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். குண்டு விழுந்தால் கூண்டு உடைந்து வெளியேறுமோ என்று அஞ்சி, உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

பெர்ச்சல் மூன்றாண்டுக்கு மேல் ஜப்பானில் சிறையிருந்தார். நோயுற்ற கைதிகளை அடித்து வேலை வாங்கிய காவலரை எதிர்த்து நின்றார். அதற்காகத் தாமும் அடிபட்டார். நோயாளிகளை வேலைக்கு அனுப்பக்கூடாது என்று கைதிகளை வேலைநிறுத்தம் செய்யவும் வைத்தார். கண்ட கொடுமைகளை மறைவாக எழுதிவைத்த அவருடைய நாட்குறிப்புகள், போருக்குப் பின் நீதி விசாரணையில் சான்றாயின. அறுவரும் உயிரோடு விடுதலையானார்கள். பெர்ச்சல் 2004-இல் காலமானார்.

அன்பு மாணவியரே, அந்த ஒன்பது பேரும் வெற்றி பெற்றுத் திரும்பியவர்கள் அல்லர். ஓடித் தப்பவும் அவர்களால் இயலாது. எதிர்த்து வெல்லவும் இயலாது. செய்தியைச் சொல்லி முடிப்பது ஒன்றே அவர்கள் கையில் இருந்தது. அதைச் செய்தார்கள். அதனால் பிழைத்த மாலுமிகள் அவர்களது முகத்தைக்கூடக் கண்டதில்லை.