ஒரே பெயரில் இரண்டு ரோபோக்கள்

சென்ற நோன்புப் பெருநாளன்று எங்கள் வீட்டு மேசையில் இரண்டு மஞ்சள் கார்கள் நின்றன. ஒன்று, தம்பி தனது பெருநாள் காசு முழுவதையும் கொடுத்து ஹட்டன் நகரின் நடைபாதைக் கடையொன்றில் வாங்கியது. மற்றையது, கட்டாரிலிருந்து வந்த சாச்சா தன் மகனுக்குக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் 'பம்பிள்பீ' என்றே பெயர். இரண்டும் காராகவும் ரோபோவாகவும் உருமாறும். மஃரிபுக்கு முன்னரே தம்பியுடையது தோளில் முறிந்துவிட்டது. "நீ முரட்டுத்தனமா முறுக்கியிருப்பாய்" என்று உம்மா அவனைக் கடிந்துகொண்டார். பிழை அவனுடையதுதானா என்று அறியவே இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன்.

இந்தப் பொம்மைகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980களின் தொடக்கத்தில் 'டயக்ளோன்', 'மைக்ரோ சேஞ்ச்' என்னும் இரு வரிசைகளில் உருமாறும் ரோபோக்களை விற்றது. டயக்ளோன் ரோபோவுக்கு உயிர் இல்லை. உள்ளே ஒரு குட்டி மனிதன் அமர்ந்து அதை ஓட்டுவான். பம்பிள்பீயோ மைக்ரோ சேஞ்ச் வரிசையில் சின்னஞ்சிறு காராகப் பிறந்தது. அமெரிக்காவின் ஹஸ்ப்ரோ நிறுவனம் இரு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளை எடுத்து, 1984இல் 'ட்ரான்ஸ்போமர்ஸ்' என்று வெளியிட்டது. அதற்கு முன் மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்தின் எழுத்தாளர்களிடம் அவற்றை ஒப்படைத்தது. 'ஒப்டிமஸ் பிரைம்' என்ற பெயரைத் தந்தவர் டெனிஸ் ஓ'நீல். மற்றவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பொப் புடியான்ஸ்கி. ஓட்டுநர் மறைந்தான், இயந்திரமே பேசத் தொடங்கியது. பெட்டியின் பின்புறத்தில் ஒவ்வொரு ரோபோவின் சுபாவமும் அச்சிடப்பட்டது. அதே காலத்தில் டொங்கா நிறுவனத்தின் 'கோபொட்ஸ்' ரோபோக்களும் கடைகளில் இருந்தன. அவை பின்தங்கிப் போயின. நல்ல கதை வாய்த்த பொம்மைதான் வென்றது என்பது என் எண்ணம். இலக்கிய இதழில் இதை எழுதுவதில் சற்றுப் பெருமையும் உண்டு.

ஆகவே, பெட்டியின் விலையில் ஒரு பங்கு அந்தக் கதைக்கும் பெயருக்கும் போகிறது. மீதியை மூட்டுகளில் தேடவேண்டும். நமது தோளில் பந்துக்கிண்ண மூட்டும், முழங்கையில் கதவுப் பிணைச்சல் போன்ற மூட்டும் இருப்பதாக விஞ்ஞானப் பாடத்தில் படித்திருக்கிறோம். சாச்சா கொண்டுவந்த ரோபோவும் அப்படித்தான். பயந்து பயந்து அதன் தோளைச் சற்று அதிகமாக முறுக்கினேன். பந்து கிண்ணத்தை விட்டுக் கழன்றது. அழுத்தியதும் 'டக்' என்று மீண்டும் பொருந்திக்கொண்டது. தம்பியுடையதில் பந்துமில்லை, கிண்ணமுமில்லை. ஒரு மெல்லிய பிளாஸ்டிக் முள்தான் கையைத் தாங்கியது. கழல வழியில்லாததால் அது முறிந்திருக்கிறது. முறிந்த விளிம்போ விரலைக் கீறும் அளவுக்குக் கூர்மை.

அதற்காக அசல் எல்லாம் உத்தமம் என்று சொல்லமாட்டேன். 1980களின் பிற்பகுதியில் வந்த, பொன்னிறம் கலந்த பிளாஸ்டிக்கில் செய்த சில அசல் ரோபோக்கள் காலப்போக்கில் தாமாகவே நொறுங்குகின்றன. சேகரிப்போர் அவற்றைத் திருப்பவே அஞ்சுவார்கள். எங்கள் வீட்டுக்கு வந்த அசலும், ரோபோவாக நிற்கும்போது காரின் கூரையைக் கொழுந்துக் கூடை போல முதுகில் சுமந்துகொண்டு நின்றது. பெட்டியில் 8 வயதுக்கு மேல் என்றிருந்தது. சாச்சாவின் மகனுக்கு வயது ஆறு. ஒவ்வொரு முறையும் காராக மாற்றித் தரும்படி என்னிடம்தான் ஓடிவந்தான். தம்பியோ மூன்றே திருப்பில் தன்னுடையதைத் தானே மாற்றி மகிழ்ந்தான், முறியும் வரை.

வாங்கப் போகும் பெற்றோர் முதலில் பெட்டியிலுள்ள வயதைப் பார்க்கவேண்டும். உருமாற்ற எத்தனை படிகள் என்பதையும் இப்போது பல அசல் பெட்டிகளில் அச்சிடுகிறார்கள். சின்னப் பிள்ளைக்குப் படிகள் குறைந்ததே நல்லது. ஏறத்தாழ 14 சென்ரிமீற்றர் உயரமுள்ள 'டிலக்ஸ்' வகையைவிட, 18 சென்ரிமீற்றர் 'வொயேஜர்' வகைக்கு விலை கூட. ஆனால் பெரியது என்பதற்காக அது உறுதியானது என்று எண்ணிவிடக்கூடாது. 2003இல் தொடங்கிய 'மாஸ்டர்பீஸ்' வரிசை பெரியவர்களின் அலுமாரிக்கு உரியது. நடைபாதையில் வாங்குவதானால், கடைக்காரரிடம் கேட்டு ஒருமுறை தோளை அசைத்துப் பாருங்கள்.

முறிந்த முள்ளை உம்மாவிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப அவன்ட பிழை இல்லயா?"

தம்பி பதில் சொல்லவில்லை. ஒரு கையில்லாத ரோபோவைக் காராக மடித்து, வாசற்படியில் ஓட்டிக்கொண்டிருந்தான்.