கணக்கில் நேராகாத எட்டாயிரம் குழந்தைகள்

அமெரிக்காவில் 2020 நிதியாண்டின் இறுதி நாளான செப்டம்பர் 30 அன்று அரசின் வளர்ப்புப் பராமரிப்பில் 4,07,493 குழந்தைகள் இருந்தனர். அடுத்த 12 மாதங்களில் புதிதாக வந்தவர்கள் 2,06,812 பேர். வெளியேறியவர்கள் 2,14,971 பேர். தொடக்க இருப்புடன் வரவைக் கூட்டி, வெளியேறியவர்களைக் கழித்தால் 3,99,334 மிஞ்ச வேண்டும். 2021 இறுதிக்கு அரசின் ஆண்டறிக்கை காட்டும் எண் 3,91,098. துண்டு 8,236.

மறு ஆண்டும் இதே கதை. 3,91,098 இருப்பு, 1,86,602 வரவு, 2,01,372 வெளியேற்றம். வர வேண்டியது 3,76,328, அறிக்கையில் உள்ளது 3,68,530, துண்டு 7,798. இரு ஆண்டுகளிலும் துண்டு இறுதி இருப்பில் 2.1 சதவீதம். இவை அந்தந்த அறிக்கை வெளியானபோது இருந்த எண்கள். மாநிலங்கள் பின்னர் அனுப்பும் திருத்தங்களால் சற்று நகரும். ஒரே ஆண்டில் இருமுறை வந்துபோன குழந்தையை ஒருமுறை மட்டுமே எண்ணும் முறையும் கொஞ்சம் வித்தியாசம் தரும். ஆனால் தற்செயல் பிழை என்றால் ஓராண்டு கூடி, ஓராண்டு குறைந்திருக்கலாம். இரண்டு முறையும் குறைந்தே இருக்கிறது. வெளியேறியதாகப் பதியப்படாமலே பட்டியலிலிருந்து மறையும் பெயர்கள் உண்டு என்பதற்கே இது பொருந்துகிறது. இரண்டு ஆண்டுகளை வைத்து அதற்கு மேல் சொல்வது மிகை.

இந்த எண்களைத் திரட்டும் அமைப்பின் பெயர் ஆஃப்கார்ஸ். அதற்கான சட்டம் 1986இல் வந்தது. விதி 1993 டிசம்பரில். தரவு சேகரிப்பு தொடங்கியது 1994 அக்டோபரில். சட்டத்திலிருந்து முதல் பதிவுக்கு 8 ஆண்டுகள். வளர்ப்புப் பராமரிப்புக்கு 66, தத்தெடுப்புக்கு 37 என மொத்தம் 103 விவரங்களை மாநிலங்கள் 6 மாதங்களுக்கு ஒருமுறை, காலம் முடிந்த 45 நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. மாநிலங்களின் கணினி அமைப்புகளோ மெதுவாகவே எழுந்தன. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2003இல் கணக்கிட்டபோது, அவை தாங்களே குறித்த கெடுவைத் தாண்டிய கால தாமதத்தின் இடைநிலை அளவு இரண்டரை ஆண்டுகள். மிகக் குறைவு 2 மாதம், மிக அதிகம் 8 ஆண்டு.

விதி ஒவ்வொரு விவரத்திலும் 10 சதவீதம் வரை பிழையையும் விடுபடலையும் பொறுத்துக்கொள்கிறது. விகிதமாகப் பார்த்தால் சிறிது. 2022இன் 3,68,530 குழந்தைகளில் 10 சதவீதம் என்பது 36,853 பேர். நாடு முழுவதும் ஒரு விவரம் இத்தனை பேருக்கு இல்லாமல் போனாலும், எல்லா மாநிலங்களும் தரத்தில் தேறிவிடக்கூடும்.

தேறாதவர்களுக்கு அபராதம் உண்டு. திருத்த அவகாசத்துக்குப் பின்னும் குறை நீடித்தால், வளர்ப்புப் பராமரிப்பு நிர்வாகச் செலவில் முதல் 6 மாதத்துக்கு 1 சதவீதத்தில் ஆறில் ஒரு பங்கும், தொடர்ந்தால் நான்கில் ஒரு பங்கும் பிடிக்கலாம் என்கிறது 2003ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் செலவு 1 கோடி டாலர் என்று வைத்துக்கொண்டால் முதல் தவணை 16,667 டாலர். அடுத்தது 25,000 டாலர். பதிவுகளைச் சரிபார்க்க ஓர் ஊழியரை ஆண்டு முழுவதும் அமர்த்துவதைவிட இந்த அபராதத்தைக் கட்டிவிடுவது மலிவு. அதுவும் பழைய விதியின் அபராதம் 2002 ஜனவரியில் நிறுத்திவைக்கப்பட்ட பிறகு, 2003 சட்டம் வந்தும், 2022 அக்டோபரில் புதிய விதி நடைமுறைக்கு வரும்வரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் அபராதம் கிடப்பில் இருந்தது.

புதிய விதியின் பயணமும் நேரானதல்ல. 2016இல் சுமார் 272 விவரங்கள் கேட்கப்பட்டன. ஊழியர்களின் பணிச்சுமையைக் காரணம் காட்டி 2020இல் அது 183 ஆனது. 89 குறைவு, அதாவது 33 சதவீதம். அமெரிக்கப் பூர்வகுடிக் குழந்தைகள் குறித்த விவரங்களில் பலவும் அப்போது போயின. அவை 2024 டிசம்பரில் மீட்கப்பட்டாலும் சேகரிப்பு தொடங்குவது 2028 அக்டோபரில். 2016 விதியிலிருந்து 12 ஆண்டுகள். பணிச்சுமை வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் மேலே சொன்ன 8,236க்கும் அந்த 89க்கும் தொடர்பில்லை. வந்த தேதியும் போன தேதியும் பழைய 66 விவரங்களிலேயே இருந்தன.

பதிவு தவறுவது தாளோடு நிற்பதில்லை. பராமரிப்பிலுள்ள குழந்தை காணாமல் போனால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கும் காணாமல் போன குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2014ஆம் ஆண்டுச் சட்டம். 2018 ஜூலை முதல் 2020 டிசம்பர் வரையிலான 74,353 சம்பவங்களைச் சுகாதார, மனித சேவைகள் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் மாதிரி எடுத்து ஆராய்ந்தது. அதன் மதிப்பீட்டில் 34,869 சம்பவங்கள் மையத்துக்குத் தெரிவிக்கப்படவே இல்லை. 16,246 தாமதமாகத் தெரிவிக்கப்பட்டன. இரண்டும் சேர்ந்து 69 சதவீதம்.

2023 இறுதி எண்ணிக்கை 3,43,077. முந்தைய ஆண்டைவிட 6.9 சதவீதம் குறைவு. அதற்கு முன் 5.8, அதற்கும் முன் 4.0. குறைவின் வேகம் கூடுவதாகத் தோன்றும். ஆனால் 2023 நிதியாண்டின் முதல் நாள்தான் புதிய சேகரிப்பு முறையின் முதல் நாளும். இந்த 6.9இல் குழந்தைகள் வீடு திரும்பியது எவ்வளவு, எண்ணும் முறை மாறியது எவ்வளவு என்று இந்த ஒற்றை எண் பிரித்துக் காட்டாது. தொடக்க இருப்பு, வரவு, வெளியேற்றம், இறுதி இருப்பு, துண்டு என்ற ஐந்து எண்களையும் மாநிலவாரியாக ஒரே அட்டவணையில் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அதற்கு 184ஆவது விவரம் எதுவும் தேவையில்லை.