நாய்க் கண்காட்சியில் நடுவர் எதைப் பார்க்கிறார்?

இறுதிச் சுற்றில் லாப்ரடாரும் பொமரேனியனும் அருகருகே நிற்கின்றன. எப்படி ஒப்பிடுவது? இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவதில்லை. ஒவ்வோர் இனத்துக்கும் எழுதி வைத்த இலக்கணம் உண்டு: உயரம், தலை வடிவம், வால், நடை, சுபாவம். தன் இன இலக்கணத்துக்கு மிக நெருங்கி நிற்கும் நாய்க்கே பரிசு.

பார்த்தால் போதாதா, ஏன் தொட வேண்டும்? ரோமத்தைச் சீவிக் கத்தரித்துக் குறைகளை மறைத்துவிட முடியும். அதனால் நடுவர் உதட்டை விலக்கிப் பல்வரிசையைப் பார்ப்பார். தோள், விலா, தொடை எனத் தடவிப் பார்ப்பார். லாப்ரடாரில் மேல்ரோமத்தை விலக்கி, அடியில் அடர்ந்த மென்ரோமம் இருக்கிறதா என்று தேடுவார். குளிர்ந்த நீரில் இறங்கி வேலை செய்த இனத்துக்கு அதுதான் கவசம்.

பிறகு ஓடவிடுவார்கள். நிற்கும்போது தெரியாத மூட்டுக் கோணல், ஓட்டத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவும் எதற்கு? அடுத்த தலைமுறைக்குத் தாய் தந்தையாகத் தகுந்த நாயைத் தேர்ந்தெடுக்கத்தான். ஆகவே இனப் போட்டிகளில் கருத்தடை செய்த நாய்களுக்குப் பொதுவாக இடமில்லை.

ஆனால் அழகுக்காகத் தட்டை முகத்தை மிகைப்படுத்தி வளர்த்ததில், சில இனங்கள் மூச்சுவிடவே திணறுகின்றன. 2012இல் பிரிட்டனின் கிரஃப்ட்ஸ் கண்காட்சி, இத்தகைய சிக்கலுள்ள இனங்களின் வெற்றியாளர்களுக்குக் கால்நடை மருத்துவர் பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. நடுவர் தேர்ந்தெடுத்த புல்டாக்கும் பெக்கினீஸும் அதில் தேறவில்லை.