காப்போரைக் காத்தல்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்றும் மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஞாயிறு எழும் கரை ஒன்று, படும் கரை மற்றொன்று. நள்ளிரவில் இக்கரைகளுள் ஒன்றிலிருந்து நோயாளர் காவு வண்டி விரைந்து செல்லும் ஒலி கேட்டால், வீட்டிலிருப்போர் அதனுள்ளே கிடப்பவருக்காக இறைவனை வேண்டிக்கொள்வர். அது நன்று. ஆனால் அவ்வண்டியில் இன்னும் இருவர் இருக்கின்றனர். ஒருவர் வண்டியைச் செலுத்தும் சாரதி, மற்றவர் நோயாளியின் அருகிருந்து உயிர்காக்கும் முதற் சிகிச்சையைச் செய்பவர். வைத்தியசாலை வாயிலில் வைத்தியரும் தாதியரும் சிற்றூழியரும் அவர்களை எதிர்நோக்கி நிற்கின்றனர். இவர்களது உடலையும் உள்ளத்தையும் காப்பவர் யார்? இவ்வினாவிற்கே இன்று விடை தேட முயல்வோம்.

வாவி சூழ்ந்த நிலத்தில் அவசர சிகிச்சை எளிதன்று. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும்வரை இரு கரைகளையும் இணைத்தது ஓடமே. மாரி காலத்தில் படுவான்கரை வீதிகளை வெள்ளம் மூடுவது இன்றும் வழக்கமே. 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் கட்டணமின்றி வரும் ‘சுவசெரிய’ வண்டிச் சேவை, 2016இல் இந்திய அரசின் உதவியுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கிப் பின்னர் படிப்படியாக நாடெங்கும் விரிந்தது. நோயாளியின் துன்பம் இதனால் குறைந்தது. ஆயினும் வீட்டு முற்றத்திலும் வீதியோரத்திலும் முதலில் துன்பத்தை நேர்காணும் பொறுப்பு அவ்வண்டியில் செல்வோர்மீது விழுந்தது.

முதலில் உடலைப் பற்றிக் கூறுவோம். குருதி படிந்த ஊசி கையில் குத்திவிடுதல் இத்தொழிலில் நிகழக்கூடிய ஓர் ஆபத்தாகும். அவ்விடத்தை ஓடும் நீரிலும் சவர்க்காரத்தாலும் உடனே கழுவுதல் வேண்டும். வெட்கத்தாலோ அச்சத்தாலோ மறைக்காது மேலதிகாரிக்கு அறிவித்தலும் வேண்டும். எயிட்ஸ் நோய்க் கிருமி தொற்றாதிருக்க வழங்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்கினால்தான் பயனுண்டு. ஈரல் அழற்சி ‘பி’ நோய்க்குத் தடுப்பூசி முன்னரே போட்டுக்கொள்ளத்தக்கது. வெள்ள நீரில் இறங்குவோர் எலிக்காய்ச்சலுக்கு அஞ்சவேண்டும். காலிற் புண் இருந்தால் மூடிக் கட்டி, நீண்ட சப்பாத்து அணிந்து, தடுப்பு மருந்து பற்றி வைத்தியரிடம் கேட்டு நடத்தல் அறிவுடைமை. நோயாளியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காது முழங்காலை மடித்து, பாரத்தை உடலோடு அணைத்துத் தூக்குதல் முதுகைக் காக்கும்.

உறக்கத்தை எவரும் மருந்தாகக் கருதுவதில்லை. ஆனால் 1997இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட முடிவு சிந்திக்கத்தக்கது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், குருதியில் 0.05 சதவீதம் மது கலந்தவரின் நிலைக்குத் தாழ்ந்துவிடுகின்றது என அவர்கள் கண்டனர். மது அருந்திய சாரதியை வண்டி ஓட்டவிடாத நாம், இரு இரவுகள் உறங்காத சாரதியை ஓட்டச் சொல்லலாமா?

இனி உள்ளத்தைப் பற்றிக் கூறுவோம். 2004 மார்கழி 26ஆம் நாள் கடல் பொங்கி நாவலடியையும் கல்லடியையும் கரையோர ஊர்கள் பலவற்றையும் அழித்தது. இலங்கை முழுவதிலும் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 சித்திரை 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. காயமுற்றோர் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். இறந்தோருள் சிறுவர் பலர். பெருநகரத்து வைத்தியசாலையில் படுக்கையிற் கிடப்பவர் பெரும்பாலும் முன்பின் அறியாதவர். நம் ஊர்களிலோ அவர் ஒன்றுவிட்ட சகோதரராகவோ, பிள்ளையின் பள்ளித் தோழராகவோ இருத்தல் கூடும். உதவுவோரும் இழந்தோரும் ஒரே ஊரவர் என்பதே நம் பகுதியின் தனித்தன்மை. ஆகவே துயரமும் கடமை முடிந்தவுடன் அகன்றுவிடுவதில்லை.

இத்தகைய நாள்களின் பின் உறக்கமின்மை, எளிதிற் சினம் கொள்ளுதல், கண்ட காட்சி மீண்டும் மீண்டும் தோன்றுதல், உண்ண மனமின்மை ஆகியன வருதல் இயல்பே. அவை கோழைத்தனமல்ல. பெரும்பாலோருக்கு அவை சில வாரங்களில் தாமாகவே தணியும். ஒரு மாதம் கடந்தும் நீடித்தாலும், மதுவைத் துணைகொள்ளும் நிலை வந்தாலும், உயிரை வெறுக்கும் எண்ணம் எழுந்தாலும் காலந்தாழ்த்தாது உளநல வைத்தியரை நாடுதல் வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கமும் இதற்கென்றே உள்ளது.

‘மனவுறுதி உடையவருக்கு இவையெல்லாம் எதற்கு?’ எனச் சிலர் வினவுவர். எலும்பு முறிந்தவரை மனவுறுதியால் நடக்கச் சொல்வாருண்டோ? அதேவேளை, எல்லோரையும் ஓரிடத்தில் அமர்த்தி நடந்ததை உடனே விவரிக்கும்படி வற்புறுத்துவதும் நன்றன்று. முன்னர் இம்முறை பல நாடுகளிற் கையாளப்பட்டது. பிற்கால ஆய்வுகள் அது பிற்கால மனநோயைத் தடுப்பதில்லை என்று காட்டியமையால், உலக சுகாதார நிறுவனம் அதனைப் பரிந்துரைப்பதில்லை. 2011இல் அந்நிறுவனம் வேறு இரு அமைப்புகளுடன் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் வேறு வழி கூறுகின்றது. பேச விரும்புவோர் பேசும்போது செவிகொடுத்தல், பேசாதிருப்போரை வற்புறுத்தாது அருகிருத்தல், உணவும் ஓய்வும் கிடைக்கச் செய்தல், சக ஊழியர் ஒருவரையொருவர் கவனித்தல் ஆகியனவே அவ்வழி. ஒரு கோப்பைத் தேநீரை முன்வைத்து, ‘நீங்கள் சாப்பிட்டீர்களா?’ என்று மூத்த தாதி இளையவரைக் கேட்பதும் இதனுள் அடங்கும்.

ஆனால் தனிமனிதரின் அன்பு மட்டும் போதாது. கடமை நேரத்திற்கு வரம்பு வகுத்தல், கொடிய நிகழ்ச்சியின் பின் ஒருவருக்கு மாற்றாள் அனுப்புதல், கையுறையும் முகமூடியும் குறைவின்றி வழங்குதல் ஆகியன நிர்வாகத்தின் கடன். விடுப்புக் கேட்பவரைப் பலவீனர் என்று குறித்துவைக்கும் வழக்கம் உள்ள இடத்தில், எவரும் தம் துன்பத்தை வாய்திறந்து சொல்லார்.

நேயர்களே, நமக்கும் ஒரு பங்குண்டு. விபத்து நடந்த இடத்திற் கூட்டங்கூடி வழியை மறியாதிருப்போம். வண்டி தாமதித்தால் சாரதியை ஏசாதிருப்போம். உறவினர் இறந்த துயரத்தில் தாதிமீது கையோங்காதிருப்போம். அவரும் அந்த உயிரைக் காக்கப் போராடியவரே. கடமை முடிந்து வீடு திரும்புபவரிடம், ‘இன்று என்ன நடந்தது?’ என்று துருவிக் கேளாது, முதலில் ஆறியிருந்து உண்ண விடுவோம். நாளை நம் வீட்டு வாயிலுக்கு வரவேண்டியவரும் அவரே.