சொசைட்டி சர்வருக்கு ஒரு பூட்டு

முலுண்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டி, மெயின்டனன்ஸ் கணக்கையும் குடியிருப்போர் பட்டியலையும் தன் அலுவலக அறையிலேயே ஒரு ராஸ்பெர்ரி பை கணினியில் வைத்துக்கொள்ள விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளங்கையில் அடங்கும் கணினி. லினக்ஸும் அப்பாச்சியும் போட்டால் சர்வர் தயார். நல்ல யோசனைதான். ஆனால் வெளியிலிருந்து அணுக ரௌட்டரில் போர்ட்டைத் திறந்ததும் கமிட்டியில் ஒருவர் கேட்பார்: "முலுண்டில் இருக்கிற இதை யார் தேடி வரப்போறாங்க?"

யாரும் தேட வேண்டியதே இல்லை. 2013-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஸீமேப் என்ற மென்பொருள், வேகமான இணைப்புள்ள ஒரே கணினியிலிருந்து இணையத்தின் ஐபிவி4 முகவரிகள் அத்தனையையும் முக்கால் மணி நேரத்தில் தட்டிப் பார்த்துவிடும். நம் முகவரியும் அதில் ஒன்று.

அப்பாச்சியோடு வரும் எளிய பூட்டுக்கு 'பேசிக்' முறை என்று பெயர். பக்கத்தைக் கேட்டால் சர்வர் 401, அதாவது 'யார் என்று காட்டு', என்று பதில் அனுப்பும்; உடனே பிரவுசர் ஒரு பெட்டியில் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும். அந்தப் பெட்டியைப் பார்த்ததும் பாதுகாப்பு வந்துவிட்டதாக நினைப்பதுதான் ஆபத்து. தட்டிய கடவுச்சொல் பேஸ்64 என்ற வடிவில் பயணிக்கிறது. பார்க்கப் புரியாத எழுத்துக்கோவை, ஆனால் மறையாக்கம் இல்லை. வழியில் பிடிப்பவர் நொடியில் படித்துவிடலாம். அதனால் முதலில், வழியில் போவதை மறையாக்கும் எச்டிடிபிஎஸ். லெட்ஸ் என்கிரிப்ட் 2015 முதல் அதற்கான சான்றிதழை இலவசமாகவே தருகிறது. சொந்த டொமைன் பெயர் இருந்தால் போதும்.

அடுத்தது, கடவுச்சொற்களைச் சேமிக்கும் கோப்பு. எச்டிபாஸ்வேர்டு என்ற சிறு நிரல் அதை உருவாக்கும். அதில் பிகிரிப்ட் முறையைத் தேர்ந்தெடுங்கள். 1999-இல் வந்த இந்த முறை வேண்டுமென்றே மெதுவாக வேலை செய்யும். கோப்பே திருடு போனாலும், ஊகித்து ஊகித்துப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு ஊகமும் நேரத்தைத் தின்னும். அதன் 'காஸ்ட்' எண்ணை ஒன்று கூட்டினால் வேலை இரட்டிப்பாகும். ஆசைப்பட்டு மிக உயர்த்திவிடவும் கூடாது. பேசிக் முறையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் படத்துக்கும் கடவுச்சொல் மறுபடி சரிபார்க்கப்படும். சின்னக் கணினி திணறிப்போகும். கடவுச்சொல் கோப்பை வலைப்பக்கங்கள் இருக்கும் ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள்.

கமிட்டி முழுவதற்கும் ஒரே கடவுச்சொல் வேண்டவே வேண்டாம். ஆளுக்கொரு பெயர், கோப்பில் ஆளுக்கொரு வரி. செயலாளர் மாறினால் அவர் வரியை மட்டும் நீக்கினால் போதும். ஒவ்வொரு முறையும் சரிபார்ப்பு நடப்பதால் அவருடைய அடுத்த கிளிக்கே 401-இல் நின்றுவிடும்.